ஏழாவது மடை

அக்டோபர் பிறந்துவிட்டால் தோராவுக்கு இருப்புக் கொள்ளாது. காப்பிக் கோப்பையோடு ஜன்னலுக்குப் போவாள், வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பாள், போனில் வானிலையைத் திறப்பாள், மறுபடி வெப்பமானி. அதற்குள் காப்பி ஆறிப்போயிருக்கும். ஆறிய காப்பியை அப்படியே மடக்கென்று குடித்துவிட்டு வண்டியை எடுப்பாள்.

இந்த வருஷம் இன்னும் மோசம். போன குளிர்காலத்தில் அவள் பார்த்துக்கொள்ளும் ஏரிக்கரைக் கோல்ஃப் திடலின் ஒன்பது கிரீன்களில் ஏழு செத்துப்போயின. கிரீன் என்பது குழியும் கொடியும் இருக்கிற புல்வட்டம். ஊரில் மற்றப் புல்லெல்லாம் பனிக்கடியில் ஆறு மாசம் தூங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும். இந்தச் செல்லப்பிள்ளை மட்டும் நாலு மில்லிமீட்டருக்கு மொட்டையடித்துக்கொண்டு வடக்குக் கோடி மாகாணமான யெம்ட்லாந்தின் குளிருக்கு நிற்க வேண்டும். ஜனவரியில் திடீரென்று மழை பெய்தது, தண்ணீர் கிரீனில் தேங்கியது, மறுநாளே உறைந்தது. கண்ணாடி மாதிரி எண்பது நாள் மேலே கிடந்தது. அடியில் புல் மூச்சு முட்டிச் செத்தது. ஏப்ரலில் பனிக்கட்டி விலகியபோது கிளம்பிய நாற்றம் இருக்கிறதே, புளிக்க வைத்த மீன் டப்பாவை மூடிய அறையில் திறந்தது மாதிரி. ஜூலை வரை ஆட்டக்காரர்கள் ஓரப்புல்லில் தற்காலிகக் குழி வெட்டி ஆடினார்கள். ஆடினார்கள் என்பதைவிட, தோராவைத் திட்டினார்கள் என்பது சரி.

கிளப்பின் தலைவர் ஸ்டெல்லன் ஓய்வுபெற்ற பல் டாக்டர். பல்லைப் பிடுங்கப் போகிறவர் பேசுகிற மாதிரியே எப்போதும் மெதுவாகப் பேசுவார்.

"மே பத்தாம் தேதி ஒன்பது கிரீனும் திறக்கணும், தோரா. ஒண்ணு குறைஞ்சாலும் வெளிக் கம்பெனிக்கு விட்டுடலாம்னு கமிட்டில சொல்றாங்க."

"சொல்றாங்களா, சொல்றியா?"

"நானும் கமிட்டிலதானே இருக்கேன்."

பத்தொன்பது வருஷம் அந்தத் திடலின் புல்லைப் பார்த்துக்கொண்டவள். அடுத்த கோல்ஃப் திடல் நூற்றுப்பத்து கிலோமீட்டர் தள்ளி. நாற்பத்தாறு வயதில் அவளுக்குப் புல்லைத் தவிர வேறெதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஒன்பதும் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் தண்ணீர் தேங்கியது என்று கோடை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் ஒருநாள் நாலாவது கிரீனில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோதுதான் புரிந்தது. மணல். கிரீன் சமமாக இருக்க வேண்டுமென்று வருஷா வருஷம் மணல் தூவுவார்கள். தூவியதில் கொஞ்சம் ஓரத்துக்குப் போகும். இருபது வருஷத்தில் அது சுற்றிலும் ஒரு வரப்பாக ஏறிவிட்டது. நாலு விரல் உயரம்தான். நடக்கிறவன் காலுக்குத் தெரியாது, தண்ணீருக்கு நன்றாகத் தெரியும்.

"வரப்பு கட்டிப் பாசனம் பண்ணியிருக்கோம்யா, இத்தனை வருஷமா!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற யெர்க்கர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். அவன்தான் அவளுடைய ஒரே கூட்டாளி, இயந்திரமெல்லாம் அவன் பொறுப்பு.

"அதுல நெல்லா போட முடியும்? வெட்டி விடு," என்றான்.

வெட்டிவிட்டாள். ஒவ்வொரு கிரீனிலும் மிகத் தாழ்ந்த இடம் பார்த்து, வரப்பை ஊடறுத்து ஒரு மடை. உள்ளங்கை அகலம், முழங்கை ஆழம், வெளியே சரிவு வரைக்கும். ஒன்பது கிரீன், ஒன்பது மடை. புல்லைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்து ஓரமாக அடுக்கினாள். வசந்தத்தில் திருப்பி வைத்துவிடலாம்.

செப்டம்பர் கடைசி அது, ஆட்டம் இன்னும் முடியவில்லை. ஆட்டக்காரர்கள் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும்! கிளப் வீட்டில் பென்சில் கட்டித் தொங்கவிட்ட ஒரு புகார் நோட்டு உண்டு. வழக்கமாக வருஷத்துக்கு நாலு புகார் வரும், அதில் மூன்று காப்பியைப் பற்றி. அந்த மூன்று வாரத்தில் முப்பத்தெட்டு வந்தது. 'இரண்டாவது கிரீனில் கொடிக்கு வடக்கே ஆறு மீட்டரில் என் பந்து சாக்கடையில் விழுந்தது. இது கோல்ஃபா, எலி வேட்டையா?' 'ஐந்தாவது. இடது மணல்குழியின் மூலையிலிருந்து சரியாக மூன்று மீட்டர். வெட்கக்கேடு.' சிலர் படமே வரைந்திருந்தார்கள்.

தோரா அதை ஒரு தடவை படித்தாள். காது வரைக்கும் சிவந்தது. பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஏழாவது மடைதான் கடைசி; கிளப் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், அதை அவள் வெட்டி முடித்த அன்றே, ஸ்டெல்லன் வந்தார். இறுதி ஆட்டத்தில் ஆடுவதே அவர்தான். பதினேழு வருஷத்தில் முதல் தடவை.

"ஏழாவதுல மட்டும் அதை மூடி வையேன், தோரா. எனக்கு எப்பவும் ஏழாவதுலதான் கை நடுங்கும். ஒரே ஒரு நாள்."

"என்ன கேக்கறதுன்னு விவஸ்தை வேண்டாம்? நீதானே ஒன்பதும் பிழைக்கணும்னு சொன்னே!"

"சனிக்கிழமை மட்டும்."

அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. முப்பத்தெட்டுப் புகாருக்குப் பிறகு ஒருத்தன் கெஞ்சிக் கேட்கிறான். மணலை உள்ளே தள்ளி, மிதித்து, புல் பாளங்களைத் திருப்பி வைத்தாள். திங்கட்கிழமை முதல் வேலையாகத் திறந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஸ்டெல்லன் எப்படியும் தோற்றார். திங்கட்கிழமை காற்றழுத்த இயந்திரம் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கியது. பூமிக்கடியில் ஓடும் குழாய்களிலிருந்து தண்ணீரையெல்லாம் ஊதி வெளியேற்ற வேண்டும், விட்டால் குழாய் வெடிக்கும். ஓட்டமாக ஓடினாள். அதோடு ஏழாவது மடை அவள் மனசிலிருந்தே போய்விட்டது.

அதற்குப் பிறகு மருந்து. பனிக்கடியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, நிரந்தரப் பனி விழுவதற்குச் சற்று முன் ஒரே ஒரு முறை தெளிக்கலாம். முந்தினால் மழை கழுவிவிடும், பிந்தினால் பனி முந்திக்கொள்ளும். தோரா நாளுக்கு இருபது தடவை வானத்தைப் பார்த்தாள். ஸ்டெல்லன் போன் பண்ணினார்.

"நூத்துப்பத்து கிலோமீட்டர் தள்ளி போன வாரமே அடிச்சிட்டாங்களாமே?"

"அவங்க மருந்து இந்நேரம் ஏரியில நீந்திட்டு இருக்கும். போனை வை."

நவம்பர் ஒன்பதாம் தேதி காலையில் காற்று நின்றது, மண்ணின் மேல்தோல் விறைத்தது. தெளித்து முடித்தாள். பத்தாம் தேதி காலையில் ஊரே வெள்ளை. யெர்க்கர் கூரைக்கடியில் நின்றுகொண்டு, "சூனியக்காரிடி நீ," என்றான். அன்றைக்கு மட்டும் அவள் காப்பியைச் சூடாகக் குடித்தாள்.

மடை வெட்டிய அன்றே ஒவ்வொரு மடை வாயிலும் ஒரு மூங்கில் குச்சி நட்டிருந்தாள். ஆள் உயரம், நுனியில் சிவப்புப் பெயிண்ட். ஜனவரி மழை வந்தால் குச்சியைப் பார்த்துப் பனியைத் தோண்டி மடையைத் திறந்துவிட வேண்டியதுதான்.

ஜனவரி மழையும் வந்தது. வியாழக்கிழமை மதியம் முதல் மழை, ஐந்து டிகிரி, வெள்ளி விடிகாலை மைனஸ் பதினேழு என்று புதன் இரவே போன் சொன்னது. வியாழன் வெளிச்சம் வந்ததும் மண்வாரியோடு நாலாவது கிரீனில் நின்றாள். குச்சி இருந்தது. முழங்காலளவு பனியைத் தோண்டினாள். அடியில் புல். மடை இல்லை. இடது பக்கம் தோண்டினாள், இல்லை. வலது பக்கம், இல்லை.

யெர்க்கர் பனித்தடம் போடும் வண்டியில் வந்து சேர்ந்தான். குளிர்காலத்தில் கோல்ஃப் திடல்தான் ஊருக்குப் பனிச்சறுக்குத் தடம். அந்த வண்டியை ஓட்டுவது யெர்க்கர். அதற்காகவே மற்ற ஏழு மாசம் உயிரோடு இருக்கிறான் என்று அவன் மனைவியே சொல்வாள்.

"யெர்க்கர், இந்தக் குச்சி நான் நட்ட இடத்துலயா இருக்கு?"

அவன் இயந்திரத்தை அணைத்தான். அணைத்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை பந்தயம் நடந்துச்சுல்ல... திருப்பத்துக்கெல்லாம் அடையாளம் பத்தல. உன் குச்சிங்க சும்மாதானே நிக்குதுன்னு..."

"சும்மா நிக்குதா?"

"திருப்பி வெச்சிட்டேன், தோரா! சாயங்காலமே வெச்சிட்டேன். பத்து மீட்டர் அப்படி இப்படி இருக்கும், அவ்வளவுதான்."

"பத்து மீட்டரா! அடப்பாவி, மடை உள்ளங்கை அகலம்யா! உன் மூளையை எங்கயாவது அடையாளத்துக்கு நட்டுட்டு வந்துட்டியா?" அவள் கையிலிருந்த மண்வாரியைப் பனியில் ஓங்கிக் குத்தினாள். "என் வேலை போகுது. உனக்குத் திருப்பத்துக்குக் குச்சி வேணும்."

யெர்க்கர் வண்டியைவிட்டு இறங்கினான். அறுபத்தொரு வயது ஆள், திட்டு வாங்கும் பையனைப்போல் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

ஞாபகத்தை வைத்துத் தேடலாம் என்று இரண்டாவதுக்கு ஓடினாள். வெள்ளையில் எல்லாம் ஒன்று போலிருந்தது. தூறல் ஆரம்பித்துவிட்டது. மூன்று மணிக்கு இருட்டிவிடும். கிளப் வீட்டுக்குப் போய் பழைய வரைபடம் ஏதாவது இருக்கிறதா என்று அலமாரியைக் குடைந்தாள். வியாழன்தோறும் பட்டாணி சூப் என்பது ஊர் வழக்கம்; சமையலறையில் அது கொதித்துக்கொண்டிருந்தது. சூப்புக்காகவே வந்திருந்த ஸ்டெல்லன் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன தேடற?"

"மடையை! எங்க வெட்டினேன்னு தெரியல. குச்சியெல்லாம் இடம் மாறிப்போச்சு."

"நாலாவதுலயா? வலது மணல்குழி விளிம்புலருந்து ரெண்டரை மீட்டர், சரிவுப் பக்கம்," என்றார் ஸ்டெல்லன், சூப்பை ஊதிக்கொண்டே. "அங்கதான் என் பந்து செத்துச்சு. இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆணியில் தொங்கிய நோட்டைப் பார்த்தார்கள்.

கோல்ஃப் ஆடுகிறவனுக்குக் கல்யாண நாள் மறக்கும், கார் சாவி மறக்கும். தன் பந்து எந்த இடத்தில் கெட்டது என்பது மட்டும் மறக்காது. முப்பத்தெட்டுப் புகார். ஒவ்வொன்றிலும் கொடி, மணல்குழி, மரம், மீட்டர். திட்டித் தீர்த்த அத்தனை பேரும் சேர்ந்து அவளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்!

ஸ்டெல்லன் சூப்பை அப்படியே வைத்துவிட்டு நோட்டை மழைக்கோட்டுக்குள் செருகினார். யெர்க்கர் வண்டி ஓட்டினான், பல் டாக்டர் பின்னால் நின்று உரக்கப் படித்தார், தோரா நாடாவைப் பிடித்து அளந்து தோண்டினாள்.

"'இரண்டாவது. கொடிக்கு வடக்கே ஆறு மீட்டர். எலி வேட்டை.' எழுதினது யாருன்னு நினைக்கற? நம்ம பாதிரியார்."

"கடவுள் அவருக்கு நல்ல கண்ணைக் குடுத்திருக்கார். இதோ இருக்கு!"

பனிச்சேறு ஒரு முறை குமிழியிட்டது, பிறகு கிரீனில் நின்ற தண்ணீர் மடை வழியே சரிவில் இறங்கி ஓடியது. தோரா கெட்ட வார்த்தையில் கத்திச் சிரித்தாள். ஒன்று, மூன்று, நாலு. ஐந்தாவதில் இரண்டு பேர் எழுதிய இடம் ஒன்றரை மீட்டர் வேறுபட்டது. அதில் ஒருத்தன் ஸ்கோரிலும் பொய் சொல்கிறவன் என்று ஸ்டெல்லன் தீர்ப்புச் சொன்னார்; மற்றவன் எழுதிய இடத்தில்தான் மடை இருந்தது. ஆறு, எட்டு, ஒன்பது. மணி இரண்டு.

"ஏழாவது படி."

ஸ்டெல்லன் பக்கங்களைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். "ஏழாவதுக்கு ஒரு புகார்கூட இல்லையே?"

அப்போதுதான் தோராவுக்கு ஞாபகம் வந்தது. மூடிய மடையைப் பற்றி யார் புகார் எழுதுவான்! அவள் ஸ்டெல்லனைப் பார்த்தாள். அவர் இன்னும் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார், அவருக்கு நினைவில்லை. தோற்றுப்போன ஆட்டத்தில் விழாத பந்தை யார் நினைவு வைத்திருப்பார்?

ஒன்றும் சொல்லாமல் வண்டியிலிருந்த கோடரியை எடுத்துக்கொண்டு ஏழாவதுக்கு ஓடினாள். குச்சி நின்றது. சரியாக அவள் நட்ட இடத்தில், மூன்று பிர்ச் மரங்களுக்கு நேராக. பனியை வாரியெறிந்துவிட்டு வெட்டினாள். நீர் ஊறி உறைந்த மணல் சிமெண்ட் மாதிரி இருந்தது. கோடரி பொறி பறக்கத் திரும்பி வந்தது. திரும்பத் திரும்ப வெட்டினாள். கிரீனில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. யெர்க்கர் கடப்பாரையோடு வந்தான்.

"இங்கயும் என் குச்சி தப்பா?"

அவள் நிமிரவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை. நாக்கு வரை வந்தது. மே பத்தாம் தேதியும் கூடவே வந்தது. கோடரியை மறுபடி ஓங்கினாள். அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு கடப்பாரையால் இடிக்கத் தொடங்கினான். இருட்டும்வரை இரண்டு பேரும் வெட்டினார்கள். பாதி ஆழம் போனது. மறுநாள் காலையில் ஏழாவது கிரீன் கண்ணாடியாகக் கிடந்தது.

மார்ச்சில் ஒவ்வொரு கிரீனிலிருந்தும் ஒரு கைப்பிடி மண்ணோடு புல்லை உளியால் பெயர்த்து, ஐஸ்கிரீம் டப்பாக்களில் வைத்துச் சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்தாள். ஊரில் தக்காளி நாற்று வைக்கிற ஜன்னல். எட்டாம் நாள் முதல் பச்சை வந்தது. பத்தாம் நாள் எட்டு டப்பாவில் பச்சை. ஏழாம் எண் டப்பாவை அடுப்பருகே நகர்த்தினாள், விளக்கடியில் வைத்தாள், வெந்நீர் தெளித்தாள். பதினாலாம் நாள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். அதே நாற்றம்.

ஸ்டெல்லனுக்கு எட்டே பெரிய சந்தோஷம். "போன வருஷம் ரெண்டு, இந்த வருஷம் எட்டு! ஏழாவதுக்கு நீ என்ன பண்ணுவ? யெர்க்கர் குச்சியைப் புடுங்கினான், போச்சு. கமிட்டில நான் பேசிக்கறேன், உன்னை ஒருத்தரும் தொட மாட்டாங்க. ஆனா அடுத்த குளிர்காலத்துக்குப் பனித்தட வண்டியை வேற ஆளுக்குக் குடுத்துடணும்னு எல்லாருமே சொல்றாங்க. நாளைக்குக் கூட்டத்துல முடிவு."

யெர்க்கரிடம் அவர் சொல்லியாகிவிட்டது. கொட்டகையில் அவன் வண்டியின் பனிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் ஓட்டப்போகிற வண்டிக்கு எதற்கு இத்தனை துடைப்பு!

"சண்டை போட மாட்டியா?" என்றாள் தோரா.

"புடுங்கினது நான்தானே," என்றான். "அந்தத் துணியை எடு."

துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சாப்பிட உட்கார்ந்தாள், எழுந்தாள். செத்துப்போன டப்பாவை வெளியே கொட்டினாள், திரும்ப வந்து கையைக் கழுவினாள், மறுபடி கழுவினாள். பத்தொன்பது வருஷம் புல்லோடு வாழ்ந்ததில் அவள் ஒரு பொய் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவமானமாக இருந்தது. தன்மேலேயே அப்படி ஒரு எரிச்சல்.

மறுநாள் காலை கூட்டத்துக்கு முன்னால் கிளப் வீட்டுக்குப் போய் ஆணியிலிருந்து நோட்டை எடுத்தாள். முப்பத்தொன்பதாவது புகார். மற்றவர்கள் எழுதியது மாதிரியே அளவோடு எழுதினாள்.

'ஏழாவது. மூன்று பிர்ச் மரங்களுக்கு நேர், கொடியிலிருந்து தெற்கே பதினொன்றரை மீட்டர். குச்சி நட்ட இடத்திலேயே நின்றது. மடையைக் கோப்பை ஆட்டத்துக்காக மூடியதும் திறக்க மறந்ததும் நான். ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். யெர்க்கர்மேல் பழி போக விட்டதும் நான். தோரா.'

ஸ்டெல்லன் வந்தபோது நோட்டை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். இரண்டாவது முறை படித்தபோது காது மடல் சிவந்தது.

"இதைப் படிச்சா கமிட்டி உன்னை அனுப்பிடும், தெரியுமா?"

"தெரியும்."

"மூடச் சொன்னது யாருன்னு எழுதலையே நீ."

"மிதிச்சு மூடினது என் கால்."

அவர் பென்சிலைக் கேட்டு வாங்கினார். டாக்டர் கிறுக்கல். 'ஒன்றும் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டு ஏழாவதை மூடச் சொன்னது நான். அப்படியும் தோற்றேன். ஸ்டெல்லன்.' எழுதிவிட்டு, நோட்டை மூடாமலே கூட்ட அறை மேசையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். "உன்னை அனுப்பறதுன்னா தலைவரையும் சேர்த்து அனுப்பணும். அந்தக் கம்பெனிக்காரனுக்கு வேண்டாம்னு நானே சொல்லிக்கறேன். பனித்தட வண்டி யெர்க்கர்கிட்டயே இருக்கட்டும். ஏழாவதுக்கு ஓரத்துல தற்காலிகக் குழி போடு."

யெர்க்கர் காப்பிக்காக உள்ளே வந்தவன் நோட்டைப் பார்த்தான். உதடு அசையப் படித்தான். படித்து முடித்துக் காப்பியை ஊற்றிக்கொண்டான்.

"ஏழாவது குச்சியை நான் தொடவே இல்லையே," என்றான். "பனித்தடம் ஆறாவதுலருந்து நேரா எட்டாவதுக்குத் திரும்பிடுதுல்ல."

தோரா அவன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா? அன்னைக்கே தெரியுமா? அப்ப ஏன்யா வாயைத் திறக்கல?"

"எட்டுக் குச்சியைப் புடுங்கினவன் ஒன்பதாவதுக்கு நியாயம் பேசினா எவன் நம்புவான்?" அவன் ஒரு மடக்குக் குடித்தான். "அதோட, அன்னைக்கே தெரிஞ்சுதான் கேட்டேன், நீ சொல்லுவேன்னு இருந்தேன். மூணு மாசம் ஆக்கிட்ட."

அவள் அழுதுவிட்டாள். அவன் அதைப் பார்க்காதமாதிரி கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, புல்விதை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏழாவதுக்கு நடந்தான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கோடரியோடு பின்னால் போனாள். மடையில் இன்னும் பாதி ஆழம் பாக்கி இருந்தது.